அட்டையா, புல்லுருவியா, கழுகா? பிறரை இரையாக்குவோருக்கான சொற்கள்

பிறரை உறிஞ்சியும் ஏய்த்தும் வாழ்பவரைச் சுட்டத் தமிழில் அட்டை, ஒட்டுண்ணி, புல்லுருவி, முதலை, ஓநாய், கழுகு எனச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எழுதுவோர் பலர் இவற்றுள் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கொடுமையைக் குறிப்பதால், தீங்கு எப்படி நடந்தது என்று பார்த்தே சொல்லைத் தேர வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அட்டை. மழைக்காலத்து வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், காலில் இரத்தம் வழிவதைக் கண்ட பிறகுதான் அட்டை கடித்தது பலருக்குத் தெரியவரும்; கடி வலிப்பதில்லை, ஹிருடின் என்னும் பொருள் இரத்தத்தை உறையவும் விடுவதில்லை. அவசரத்துக்கு உதவியவராகவே முதலில் தோன்றும் கந்துவட்டிக்காரருக்கு இந்த உவமை அதுவரை பொருந்துகிறது. ஆனால் வயிறு நிறைந்ததும் அட்டை தானே உதிர்ந்துவிடும். மாதம் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியவரோ, முதல் மாத வட்டி போக 9,000 ரூபாயைத்தான் கையில் பெறுகிறார்; பத்து மாதத்தில் வட்டியாகவே 10,000 ரூபாய் கட்டிய பின்னும் அசல் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய மக்கள் வழக்குச் சொற்களையே எடுத்தாண்டு வரையறுத்திருக்கிறது. ஆகவே புகார் மனுவிலும் செய்தியிலும் அட்டையை விடக் கந்துவட்டிக்காரர் என்ற நேர்ச்சொல்லே வலுவானது.

ஒட்டுண்ணியும் புல்லுருவியும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. உழைக்காமல் பிறர் உழைப்பில் உண்பவர் எவரையும் ஒட்டுண்ணி எனலாம். ஈழத்தார் குருவிச்சை என்று வழங்கும் புல்லுருவி அப்படியன்று; மாமரக் கிளையில் பச்சை இலையோடு தழைத்து, தன் உணவைத் தானே ஆக்கிக்கொண்டாலும், அதற்கு வேண்டிய நீரையும் தாதுக்களையும் மரத்திலிருந்தே எடுக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் அந்த மரத்தின் கொப்பாகவே தெரியும். இயக்கத்துக்குள்ளும் கூட்டுறவுச் சங்கத்துக்குள்ளும் இருந்துகொண்டே அதைச் சுரண்டுபவருக்கு இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை.

முதலையும் திமிங்கலமும் ஆளின் அளவைக் காட்டுமே தவிர, அவர் செய்ததைக் காட்டா. ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய், போலி இரக்கத்துக்கு மட்டும் பொருந்தும்.

பிணந்தின்னிக் கழுகு என்ற வசைதான் எனக்கு ஒப்பவில்லை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ரெம்டெசிவிர் மருந்தைக் கள்ளச்சந்தையில் விற்றவர்கள் போன்றோரைத் திட்ட இந்தச் சொல்லே முதலில் வாயில் வருகிறது. பழந்தமிழில் பாறு என வழங்கிய அப்பறவை உயிருள்ளதைப் பெரும்பாலும் வேட்டையாடுவதில்லை. செத்ததைத் தின்று காட்டைத் தூய்மையாக்குகிறது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி நிவாரணி, செத்த கால்நடைகளைத் தின்ற பாறுகளுக்கு நஞ்சானதால் அந்த இனமே அருகியது. 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்ட பின்னும், தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பகுதியிலேயே அப்பறவை முக்கியமாக எஞ்சியிருக்கிறது. உயிருக்குப் போராடுபவரின் குடும்பத்திடம் பணம் பறித்தவரைக் கள்ளச்சந்தைக்காரர் என்றே எழுதலாம். பாறு என்னும் அப்பறவையை அவரோடு சேர்ப்பது அநியாயம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிவோரைப் பற்றி எழுதும்போதுதான். காமக்கொடூரன், மனித மிருகம் என்னும் தலைப்புச் சொற்கள் நம் சினத்தைக் காட்டுகின்றன. ஆனால் குற்றவாளி பார்த்தவுடன் அடையாளம் தெரியக்கூடிய அரக்கன் என்ற தவறான எண்ணத்தையும் அவை ஊட்டிவிடுகின்றன. போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோரில் பெரும்பாலானோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். தவவேடத்தில் மறைந்து தீமை செய்பவனை, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு ஒப்பிடுகிறது கூடாஒழுக்க அதிகாரத்துக் குறள். நம்பிக்கையின் பின்னே பதுங்குபவருக்கு மிருகத்தை விட அந்த வேடனே பொருத்தம். செய்தித் தலைப்பில் அந்த உவமையும் வேண்டாம். குழந்தையை அடையாளம் காட்டாத வகையில் ‘அறிமுகமானவர் கைது’ என்று எழுதினால், யாரிடம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.