மாற்று த்ராட்டில் சென்சார்: தடம் அருமை, தாள் வேண்டாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் உறுப்புதான் த்ராட்டில் பொசிஷன் சென்சார். இந்த மாற்றுச் சென்சாரைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாளைப் படிக்காமல் பொருத்துவது உத்தமம். சரக்கில் பெரிய பழுதில்லை, தாளில்தான் இருக்கிறது.

என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார். கால்மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே வெறும் கேபிள்தான். த்ராட்டில் தண்டின் முனையில் இரண்டு ஸ்குரூக்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டிதான் சென்சார். சமவேகத்தில், மிதியின்மேல் காலைச் சும்மா வைத்திருக்கும் அளவில் ஒரு திணறல் வரும். அழுத்தி மிதித்தால் மறைந்துவிடும். கேட்டவர்கள் எல்லோரும் பெட்ரோல் ஃபில்டரை மாற்றச் சொன்னார்கள். முழு மிதியில் சீறிப் போகிற எஞ்சினுக்கு லேசான மிதியில் மட்டும் எப்படிப் பெட்ரோல் போதாமல் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கழற்றிய பழைய சென்சாரின் மூடியைப் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே வளைவாக ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசி நகரும் மெல்லிய உலோக விரல்கள். தடத்தின் தொடக்கப் பகுதி தேய்ந்து பளபளத்தது. ஓரிரு இடங்களில் அடித்தகட்டே தெரிந்தது. முழுத் திறப்புக்கு உரிய கடைசிப் பகுதியோ கை படாதது போல் இருந்தது. கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை லேசான மிதியில்தானே கழிக்கிறது! தேய்ந்த இடத்தை விரல் கடக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழும். காலை எடுத்துவிட்டார்கள் என்று கணினி பெட்ரோலைக் குறைக்கும். அடுத்த கணமே மீண்டும் மிதித்துவிட்டார்கள் என்று கூட்டும். திணறலின் கதை அவ்வளவுதான்.

ஆகவே புதியதை வாங்கியதும் நான் முதலில் பார்த்தது தடத்தைத்தான். பொருத்துவதற்கு முன்பே, முள் வைத்த பழைய மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சென்சாரின் கனெக்டர் ஊசிகளில் (பின்) சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே இணைத்து, சென்சாரை விரலால் மிக மெதுவாகத் திருப்பினேன். டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில தடவைதான் எண்ணை மாற்றிக் காட்டும். கண நேர வீழ்ச்சி அதன் கண்ணில் படாமலே போகலாம். முள் பொய் சொல்லாது. இந்தச் சென்சாரில் முள் எங்கும் துள்ளவில்லை, ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்கியது. முடி உலர்த்தும் கருவியால் சென்சாரின் உடலைச் சூடாக்கி மறுபடியும் பார்த்தேன். அப்போதும் அதே ஒழுங்கு. இந்த ஒன்றுக்காகவே இதற்கு நல்ல மதிப்பெண் தருகிறேன்.

உடலமைப்பில்தான் சிக்கனம் தெரிகிறது. அசல் சென்சாரின் ஸ்குரூத் துளைகளில் பித்தளை வளையம் இருந்தது. இதில் வெறும் பிளாஸ்டிக். ஸ்குரூவைக் கொஞ்சம் பலமாக இறுக்கினால் துளை இருக்கும் காது நசுங்கும். போதாக்குறைக்கு, சென்சாரைத் திருப்பிச் சரிசெய்வதற்கான நீள்துளை அசலைவிடக் குட்டை. எனக்கு வேண்டிய இடம் துளையின் விளிம்புக்கு அப்பால் ஒரு நூலிழை தள்ளி இருந்தது. வட்ட அரத்தால் இரண்டு காதுகளையும் லேசாகத் தேய்த்த பிறகே உட்கார்ந்தது. அரம் பிடிக்கத் தெரியாதவர் இதை வாங்கிவிட்டு என்ன செய்வார்?

இனி அந்தத் தாள். ‘த்ராட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் வருமாறு வைத்து இறுக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மூன்று பின் சென்சாருக்கு அது ஓரளவு பொருந்தும்: கணினி 5 வோல்ட் கொடுக்கும், மூடிய நிலையில் அரை வோல்ட் அளவிலும் முழுத் திறப்பில் நான்கு வோல்ட்டுக்கு மேலும் சிக்னல் திரும்பும். ஆனால் இவர்கள் விற்பது நான்கு பின் சென்சார்! நான்காவது பின் ஐட்லிங் சுவிட்ச், அதாவது மிதியிலிருந்து காலை எடுத்தபின் எஞ்சின் சும்மா ஓடும் நிலைக்கான சுவிட்ச். த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான். இந்த வகையில் வைக்க வேண்டியது சுவிட்சை. வோல்டேஜ் தானாக வந்து சேரும்.

அதற்கு வேண்டியது ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் வெவ்வேறு தடிமன் தகடுகளின் கட்டு. த்ராட்டில் நெம்புகோலுக்கும் அது முட்டி நிற்கும் ஸ்டாப் ஸ்குரூவுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகினால் சுவிட்ச் இணைந்தே இருக்க வேண்டும்; அதைவிடச் சற்றுத் தடித்த தகட்டைச் செருகினால் இணைப்பை விட்டுவிட வேண்டும். இரண்டு தடிமன்களும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும் எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். தாள் சொன்ன 0.5-இல் வைத்துப் பார்த்தேன். என் காரில் தடித்த தகட்டுக்கும் சுவிட்ச் விடவே இல்லை. அப்படியே ஓட்டினால், லேசாக மிதிக்கும்போதும் மூடியிருப்பதாக எண்ணிக் கணினி பெட்ரோலை வெட்டி வெட்டிக் கொடுக்கும், கார் உதறும். மறுபக்கம் தள்ளிப்போனால் சுவிட்ச் இணையவே இணையாது, ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காது. தகட்டை வைத்துச் சரிசெய்து முடித்தபின் வோல்டேஜ் 0.6-க்குச் சற்று மேலே நின்றது. எண் அழகாக இல்லை, கார் அழகாக ஓடுகிறது.

இந்த எண் பித்து பழையது. ஃபோர்டின் எண்பதுகளின் மஸ்டாங் காரில் 0.99 வோல்ட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்று தவம் கிடப்பவர்கள் உண்டு. அந்தக் காரின் கணினியோ, குறிப்பிட்ட எல்லைக்குள் எது வந்தாலும் அதில் குறைந்ததை மூடிய நிலை என்று தானே எடுத்துக்கொள்ளும். எழுபதுகளின் பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு கொண்ட கார்களிலோ பெரும்பாலும் வோல்டேஜ் அளக்கவே இடமில்லை; ஐட்லிங்கிற்கும் முழுத் திறப்புக்குமாக இரண்டு சுவிட்சுகள் மட்டுமே. எல்லாவற்றுக்கும் ஒரே வரி எழுதிய தாள்காரரை என்னவென்று சொல்வது?

தாளில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது: வோல்டேஜ் வராவிட்டால் ஸ்டாப் ஸ்குரூவைத் திருப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். த்ராட்டில் தகடு துளைச் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்து, பெரும்பாலும் பெயின்ட் பூசி மூடிய ஸ்குரூ அது. ஐட்லிங் வேகம் கூட்டும் திருகாக அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அளவு ஒத்துவரவில்லையென்றால் முதலில் த்ராட்டில் வாயில் படிந்த கரியைத் துடையுங்கள், கேபிளில் சிறு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வோல்டேஜை இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில், கனெக்டரின் பின்பக்கமாகக் குண்டூசி நுழைத்து எடுங்கள். கம்பியின் உறையைக் குத்தாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையைச் சென்சாரின் சொந்த எர்த்தில் வையுங்கள், கார் பாடியில் அல்ல. பொருத்தும்போது சென்சாரைச் சாய்த்துச் செருகி ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். த்ராட்டில் தண்டோடு சேரும் நாக்கு தவறான பக்கத்தில் மாட்டினால் த்ராட்டிலே இறுகிவிடும். ஸ்குரூ இறுகும் கடைசிச் சுற்றில் அளவு நகரும், எனவே இறுக்கியபின் மறுபடி பாருங்கள், எஞ்சின் சூடான பிறகும் ஒருமுறை பாருங்கள். சாவி போடுவதற்கு முன் மிதியை அழுத்தி விட்டுப் பாருங்கள். த்ராட்டில் தானாகப் பட்டென்று மூட வேண்டும்.

கனெக்டரின் பூட்டு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. நான் ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன். அசல் கிடைத்தால் அசலையே வாங்குங்கள். கிடைக்காத கார்களுக்கு, ஃபீலர் கேஜும் அரமும் கையில் இருந்தால், இதற்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம்.