வனச் சட்டம் 1882 பேர் ஆக்ட்: அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் வாங்கினது, 5க்கு 3.5

ஏற்காட்டுல எங்க சித்தப்பாவோட காப்பித் தோட்டம் ரிசர்வ் காட்டை ஒட்டியே இருக்கு, அங்க இருக்கிற எல்லைக் கல்லைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, சரி சட்டத்தையே படிச்சிடலாம்னு வாங்கினதுதான் இந்த தமிழ்நாடு வனச் சட்டம் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாம சட்ட வாசகம் மட்டும் இருக்கிற புக்கு. ரொம்ப மெல்லிசு, விலையும் கம்மிதான்.

குறைய முதல்ல சொல்லிடறேன். பேப்பர் மட்டம். செக்‌ஷன் 16 இருக்கிற பக்கத்துல பின்பக்க எழுத்தெல்லாம் அப்படியே தெரியுது, அடியில ஒரு வெள்ளைத் தாள் வெச்சாதான் படிக்க முடியுது. அடிக்குறிப்பு எறும்பு சைஸ். கடைக்காரர் முதல்ல பழைய எடிஷனத்தான் எடுத்து நீட்டினார், கேட்டதுக்கப்புறம்தான் புதுசு வந்துச்சு, அதனால வருஷத்தைப் பார்த்து வாங்குங்க.

முன்னுரைன்னு ஒரு பக்கம் கூட இல்ல, அதுதான் எனக்கு பெரிய வருத்தம். 1865லயே இந்தியாவுக்கு ஒரு வனச் சட்டம் வந்தாச்சு, 1878ல இன்னும் இறுக்கமா இன்னொண்ணு, அப்புறம் மெட்ராஸுக்கு மட்டும் எதுக்கு தனியா 1882? ரயிலுக்கு கட்டையும் விறகும் வேணும்னு மலைக்காட்டுல கண்ணு வெச்ச காலம் அது. ஆனா காடும் தரிசும் ஊர்க்காரங்க மாடு மேய்ச்சு தழை, விறகு எடுத்த இடம், மொத்தத்தையும் சர்க்கார் சொத்துன்னு எழுதிட முடியாதுன்னு, நில வரியைப் பார்த்துக்கிட்ட மெட்ராஸ் ரெவின்யூ போர்டே மல்லுக்கு நின்னுச்சு, அதனாலதான் 1878 சட்டம் இங்க வராம தனியா ஒண்ணு போட்டாங்க. வெள்ளைக்கார ஆபீசே அப்படி சொல்லியிருக்குன்னா பாருங்க. இத ரெண்டு பாராவா போட்டிருந்தா புக்கோட மதிப்பே வேற.

இப்ப சட்டத்துக்கு வருவோம். செக்‌ஷன் 4ல இந்தக் காட்டை ரிசர்வ் பண்ணப் போறோம்னு அறிவிப்பாங்க, யாருக்கு என்ன உரிமைன்னு விசாரிக்கிற செட்டில்மென்ட் ஆபீசர் வருவாரு, செக்‌ஷன் 6 படி சுத்துப்பட்டு ஊர்லயெல்லாம் தெரியப்படுத்தி மூணு மாசத்துக்கு குறையாம டைம் கொடுப்பாங்க, உரிமை இருக்கிறவங்க அதுக்குள்ள வந்து சொல்லணும். நிலமே என்னோடதுன்னு நிரூபிச்சா கையகப்படுத்தி காசு கொடுக்கவும் வழி இருக்கு. சொல்லாம விட்டா, இது இனிமே ரிசர்வ் காடுன்னு அறிவிக்கிற செக்‌ஷன் 16 நோட்டிபிகேஷனோட அந்த உரிமை போச்சு. 1880கள்ல மலை மேல இருந்த மலையாளி பழங்குடி (கேரளாக்காரங்க இல்ல) குடும்பத்துல எத்தனை பேருக்கு கெஜட் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்? இங்க கேட்காம விட்டா உரிமை போச்சு, அமெரிக்காக்காரன் 1911ல வீக்ஸ் சட்டம் போட்டு கிழக்கு மலைக்காட்டை தனியார்கிட்ட காசு கொடுத்துல்ல வாங்கினான்.

அதே சமயம் திட்டிட்டே இருக்கவும் மனசு வரல, இந்த மாதிரி சட்டம் இல்லன்னா சேர்வராயன் மலைல மிச்சம் இருக்கிற காடும் எஸ்டேட்டாவோ பாக்சைட் குழியாவோ போயிருக்கும்னுதான் தோணுது.

வாங்கறவங்க 2006 வன உரிமைச் சட்டத்தையும் சேர்த்து வாங்கிடுங்க, இதுல அது கிடையாது. பட்டா மரம் வெட்டறது பத்தி தேடறவங்களுக்கு 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம்னு தனியா இருக்கு. எல்லைத் தகராறுக்கு மட்டும் இந்த புக்கு பத்தாது, உங்க காட்டோட செக்‌ஷன் 16 நோட்டிபிகேஷன் காப்பி வேணும், அதுலதான் எல்லை எழுதியிருக்கும். சித்தப்பாவ அதுக்கு மனு போடச் சொல்லியிருக்கேன்.