ஒளிரும் கற்களுக்கு எந்த யூவி விளக்கு: 395, 365, 254

சில கற்கள் யூவி (புற ஊதா) ஒளி பட்டால் ஒளிரும்; அதைப் பார்க்க விற்கும் விளக்குகளில் உள்ள எண் ஒளியின் அலைநீளம். 395 நானோமீட்டர் டார்ச்சை எடுத்த எடுப்பிலேயே கழித்துவிடலாம். விலை மலிவு, ரூபாய் நோட்டு சோதிக்க ஆகும், அவ்வளவுதான். அது கக்குவதில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியும் ஊதா. வெள்ளைக் கால்சைட் மேல் அடித்தால் கல்லே ஊதாவாக ஒளிர்வதுபோல் இருக்கும். வெறும் எதிரொளிப்புதான் அது. மங்கலாக ஒளிரும் கல் அந்த ஊதாவில் அமுங்கிப்போகும்.

போட்டி 365-க்கும் 254-க்கும்தான்.

365 எல்இடி டார்ச்சுக்கு 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று போதும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். குரோமியம் உள்ள மாணிக்கத்தின் சிவப்பு, ஃபுளோரைட்டின் நீலம், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரைக் கற்களில் கங்குபோல் தெரியும் சோடலைட் எல்லாம் இதற்கு மசியும். வாங்கும்போது முகப்பில் ZWB2 என்ற கருப்புக் கண்ணாடி ஃபில்டர் உண்டா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் 365-லும் வெளிர் ஒளி கசியும், நிறம் வெளுக்கும்.

ஆனால் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபிராங்க்லின் சுரங்கப் பகுதியில் கிடைக்கும், பல கனிமங்கள் கலந்த கல்லை 365-இன் முன் வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பகலில் சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கும் அதே கல்லை 254-இல் பாருங்கள்: கால்சைட் செம்மஞ்சள், துத்தநாகக் கனிமமான வில்லமைட் பளிச்சென்ற பச்சை, இடையில் ஃபிராங்க்லினைட் கருப்புப் புள்ளிகளாகவே நிற்கும். கால்சைட்டில் ஒளிர்வது மாங்கனீசு, ஆனால் அது தானாகப் புற ஊதாவை அதிகம் வாங்காது. கூட இருக்கும் ஈயம் 254-இன் குறுகிய அலை ஒளியை வாங்கி அதற்குக் கைமாற்றுகிறது. டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டும் அப்படியே 254-இன் பிள்ளை: சுத்தமானது நீலவெள்ளை, மாலிப்டினம் ஏறினால் மஞ்சள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள சிர்கானைத் தேடுபவர்களுக்கும் இதுதான். சிர்கான் மணிகள் பல கடுகு மஞ்சளாக ஒளிரும்.

254-இன் தொந்தரவுகளும் கொஞ்சமல்ல. பாதரசக் குழாயின் வெளிச்சம் பலவீனம், கல்லுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடிக்க வேண்டும். ஃபில்டர் நாளாக நாளாக மங்கும், விலையும் அதிகம். கிருமி கொல்லப் பயன்படும் யூவி குழாயை அப்படியே மாட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்: ஃபில்டர் இல்லாததால் நீல ஒளி கொட்டும், கண்ணையும் தோலையும் சுடும். சுட்டது உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்த எரிச்சல் வரும். பாலிகார்பனேட் மூக்குக்கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

விற்பவர் 254 என்று தருவது உண்மையா என்று அறிய, விளக்குக்கும் வில்லமைட்டுக்கும் நடுவே ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். பச்சை அணைந்தால் சரக்கு சரி. 365 அந்தக் கண்ணாடியைத் தாண்டும், 254 தாண்டாது.

எதில் பார்த்தாலும் கல்லைக் கழுவிக் காயவையுங்கள். சோப்பு போட்டுத் துவைத்த துணியின் நூல் துணுக்கும், உடைந்ததை ஒட்டிய பசையும் நீலமாக மின்னி ஏமாற்றும்.

கையில் ஒன்றுமில்லை, காட்டிலும் கடற்கரையிலும் தேடப்போகிறேன் என்பவர் ஃபில்டர் போட்ட 365-ஐ வாங்குங்கள். ஃபிராங்க்லின் கற்களையோ ஷீலைட்டையோ சேர்ப்பவர் அந்தப் பணத்தையும் சேர்த்து நேராக 254-க்குப் போகலாம். காட்சி அலமாரியில் வைப்பதானால் விளக்கு கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கட்டும், கதவு மூடியே இருக்கட்டும்.