உளவள ஆலோசனைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் கவனத்திற்கு: என் பெயரில் போன பொய்யும் உரிமத்திற்கு உதவாத பட்டமும்

உளவள ஆலோசனையிலோ சமூகப்பணியிலோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க விரும்பி, அதற்காக ஒரு கன்சல்டன்சியிடம் பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு நேர்ந்ததைத் தாமதம் என்றோ கவனக்குறைவு என்றோ ஒதுக்கிவிட முடியாது. நான் பணம் கட்டிய கன்சல்டன்சியினர், என் தாயைப் பற்றிய ஒரு பொய்யை, நானே எழுதியதுபோல, பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவிட்டார்கள்.

படிப்பை முடித்த பின் ஆலோசகராகப் பணிபுரிவதற்கான உரிமம் பெறத் தகுதி தரும் படிப்பு மட்டுமே வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னேன். மின்னஞ்சலிலும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் தந்த பட்டியலில் முதலாவதாக இருந்த படிப்பின் பெயரில் 'ஆலோசனை' என்ற சொல் இருந்தது. பாடத்திட்டத்தை முழுக்கப் படித்தபோதோ, கோட்பாட்டுத் தாள்களும் ஒரு ஆய்வேடும்தான் இருந்தன. களப்பயிற்சி என்ற ஒன்றே இல்லை. இதைக் கேட்டதற்கு, "அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம், டிகிரி கையில வந்துட்டா லைசென்ஸ் எடுத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

அது ஃபார்மாலிட்டி அல்ல. அமெரிக்காவில் ஆலோசகர் உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநில வாரியம். எத்தகைய பட்டத்தை ஏற்பது என்பதையும் வாரியமே தீர்மானிக்கிறது. ஆலோசனைப் படிப்புகளுக்கு அங்கே அங்கீகாரம் தரும் காக்ரெப் அமைப்பு, 60 செமஸ்டர் கிரெடிட் கொண்ட முதுகலையையும், அதற்குள் குறைந்தது 100 மணி நேர பிராக்டிகமும் (தொடக்கநிலைக் களப்பயிற்சி) 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் மேற்பார்வையுடன் நடந்திருப்பதையும் எதிர்பார்க்கிறது. சமூகப்பணி முதுகலைக்கு அந்நாட்டு அங்கீகார அமைப்பு கேட்பது 900 மணி நேரக் களப்பணி. பிரிட்டனில் 'கவுன்சிலர்' என்ற பெயரைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் மருத்துவ உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் போன்ற பட்டப்பெயர்களை உரிய மன்றத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். இந்தியாவிலும் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவைப்பட்டுவந்தது. வெறும் உளவியல் எம்.ஏ. அதற்குப் போதாது. ஆகவே, ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு பட்டங்களில் ஒன்று தொழிலுக்கும் மற்றொன்று மேற்கொண்டு ஆய்வுக்கும் கொண்டுபோய் விடக்கூடும். சமூகவியல், மானிடவியல் போன்ற சமூக அறிவியல் படிப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லாததால், அவற்றுக்கு விண்ணப்பித்துப் பழகிய முகவர்கள் ஆலோசனைப் படிப்பையும் அதே தட்டில் வைத்து எடை போடுகிறார்கள்.

இதைவிடக் கொடியது, இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரரே எழுத வேண்டிய நோக்க அறிக்கையில் நடந்தது. நான் எழுதித் தந்த வரைவை 'மெருகேற்றி' அனுப்புவதாகச் சொன்னார்கள். விண்ணப்பத் தளத்தின் கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் தட்டிக்கழித்தார்கள். ஒருவழியாக உள்ளே நுழைந்து பார்த்தபோது, என் வரைவில் ஒரு வரிகூட அங்கே இல்லை. "என் தாய் பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் வாடியதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில்" என்று அந்த அறிக்கை தொடங்கியது. என் தாய்க்கு அப்படி ஒரு நோய் இருந்ததே இல்லை. அதே நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்த இன்னொரு மாணவி தன் அறிக்கையை என்னிடம் காட்டினார். அவருடையதில் தாய்க்குப் பதிலாக அண்ணன் இருந்தார், மற்றபடி அந்தப் பத்தி சொல்லுக்குச் சொல் ஒன்றே.

பிறர் நம்பிச் சொல்லும் அந்தரங்கத்தைக் காப்பதையே அடிப்படையாகக் கொண்ட துறை இது. அதற்குள் நுழையும் முதல் தாளிலேயே, உயிரோடு இருக்கும் ஒருவரின் மனநலத்தைப் பற்றி இட்டுக்கட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அறத்தை விட்டுப் பார்த்தாலும், இது விண்ணப்பத்தைக் கெடுக்கும் வேலை. அமெரிக்காவில் உளவியல் முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு 2006இல் வெளியான ஆப்பிள்பி ஆய்வு, விண்ணப்பத்தை வீழ்த்தும் காரணங்களில் சேதம் விளைவிக்கும் சுய அறிக்கைகளைக் குறிப்பிடுகிறது. தன் மனநலச் சிக்கல்களை அளவு மீறி விவரிப்பதும், உதவும் ஆசையை மிகையாகக் கொட்டுவதும் அவற்றுள் அடக்கம். உண்மையான அனுபவத்தையே அளந்து சொல்ல வேண்டிய இடத்தில் இவர்கள் கற்பனையைத் திணிக்கிறார்கள். அதுவும் ஒரே அச்சில் வார்த்த கற்பனை. பிரிட்டனின் யூகாஸ் போன்ற சேர்க்கை அமைப்புகள் அறிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கின்றன என்பது இவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். என் பேராசிரியரின் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, கடிதத்தைப் பதிவேற்றியிருந்தார்கள். பேராசிரியர் அதிர்ந்துபோனார். இப்படிப்பட்ட போலி ஆவணம் பின்னாளில் தெரியவந்தால், சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் மாணவரின் இடத்தையும் ரத்து செய்யும் உரிமையைப் பல்கலைக்கழகங்கள் தம்மிடம் வைத்திருக்கின்றன. அப்போது பழி மாணவர் மீதுதான் விழும். முகவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

இவ்வளவும் எதற்காக என்று கேட்டால், விடை எளிது. பல பல்கலைக்கழகங்கள் தாங்கள் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவரின் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குக் கமிஷனாகத் தருகின்றன. மாணவருக்கு ஏற்ற படிப்பைவிடக் கமிஷன் தரும் படிப்பே பட்டியலில் மேலே வருவது அதனால்தான். எல்லா முகவர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எந்தெந்தப் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் பெறுகிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டதற்கு எனக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திற்கு நானே எழுதி, அந்த அறிக்கையும் கடிதமும் என்னுடையவை அல்ல என்று தெரிவித்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நிறுவனம், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்த 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன். அது விசாரணையில் உள்ளது.

ஏற்கனவே இத்தகைய நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்திருப்பவர்கள், இன்றே கடவுச்சொல்லை வாங்கி மாற்றிவிட்டு, தங்கள் பெயரில் என்ன போயிருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படியுங்கள். பரிந்துரைத்தவரின் மின்னஞ்சல் முகவரியை அவரிடமே சரிபாருங்கள். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள், எந்த நாட்டில் பணிபுரிய எண்ணுகிறீர்களோ அந்த நாட்டின் (அமெரிக்கா என்றால் அந்த மாநிலத்தின்) உரிம வாரியத்திற்குப் படிப்பின் பெயரையும் பாடத்திட்டத்தையும் அனுப்பி, இது ஏற்கப்படுமா என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். ரசீது, மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிட வேண்டாம். என் புகாரோடு நான் இணைக்க முடிந்தவை அவை மட்டுமே.