சுரம் பிந்துகிறதா, மந்தமாக எழும்புகிறதா? ஆடாசிட்டி, ரீப்பர், மெலடைன்

வீட்டில் பதிந்த பாட்டில் ஒரு சுரம் தாளத்துக்குப் பின்னால் விழுந்தால், அதைப் பிடித்து முன்னால் தள்ளத்தான் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். சுரம் சரியான நேரத்திலேயே தொடங்கியிருக்கலாம். அதன் அட்டாக், அதாவது எழும்பும் வேகம், மந்தமாக இருந்தாலும் காதுக்குப் பிந்தியதாகவே படும். இந்த இரண்டு கோளாறுக்கும் மருந்து வேறு. ஆடாசிட்டி, ரீப்பர், மெலடைன் என்ற மூன்று ஒலித்திருத்த மென்பொருள்களையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

ஆடாசிட்டி இலவசம். அதன் 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் உள்ள என்வலப் கருவியால் சுரத்தின் முதல் 20 மில்லி செகண்டில் இரண்டு மூன்று புள்ளிகள் வைத்து ஒலியளவை ஏற்றி இறக்கலாம். வீணையில் மீட்டு, அதாவது நரம்பைச் சுண்டும் ஒலி, ‘டக்’கென்று உறுத்தினால் இதுவே போதும். நகர்த்துவதுதான் சிரமம்: வெட்டி இழுக்க வேண்டும். வெட்டும் முன் இசட் விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பகுதியின் ஓரங்கள் ஒலி அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்குப் போய் நிற்கும். அதைச் செய்யாமல் வெட்டினால் ‘டிக்’ சத்தம் வர வாய்ப்பு அதிகம்.

நகர்த்துவதற்கு ரீப்பர்தான் வசதி. 60 நாள் எல்லா வசதிகளோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். இதில் ஸ்ட்ரெச் மார்க்கர், அதாவது ஒலியை நீட்டிச் சுருக்க உதவும் குறி, வைத்து இழுத்தால் வெட்டாமலே சுரம் நகரும். ஒரே ஒரு மார்க்கரை மீட்டின் மேல் வைத்து இழுக்காதீர்கள். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நெருங்கும். மீட்டின் கூர்மை மழுங்கிவிடும். மீட்டு தொடங்கும் இடத்தில் ஒன்று, 30 மில்லி செகண்ட் தள்ளி இன்னொன்று வைத்து, இரண்டையும் ஒரே அளவு நகர்த்துங்கள். நடுவில் உள்ள ஒலி அப்படியே இருக்கும். நீட்டலும் சுருக்கலும் கார்வையில், அதாவது சுரம் நீண்டு ஒலிக்கும் பகுதியில், போய்ச் சேரும், அங்கே காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது.

வாய்ப்பாட்டுக்கு வந்தால் என் ஓட்டு மெலடைனுக்கு. ‘சரணம்’ என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் ‘ச்’ என்ற மெய், அப்புறம் ‘அ’ என்ற உயிர். தாளத்தில் விழுவதாக நாம் உணர்வது பெரும்பாலும் அந்த உயிரைத்தான். மெய் தொடங்கும் இடத்தைக் கொண்டுபோய் திரையில் தாளத்தைக் காட்டும் கிரிட் கோட்டில் ஒட்டினால் உயிர் பிந்திவிடும், பாடியவர் தூங்கி வழிவது போலிருக்கும். மெலடைனில் சுரத்தின் தொடக்க வேகத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்க ஒரு கருவி உண்டு. சுரத்துக்குள்ளேயே கைப்பிடி வைத்து, எந்தப் பகுதி எப்போது வர வேண்டும் என்று இழுக்க இன்னொன்று உண்டு. ‘ச்’சை மட்டும் குறுக்கி உயிரைத் தாளத்தில் உட்கார வைக்க இவை அருமை. ஆனால் விலை குறைந்த எசென்ஷியல் பதிப்பில் இந்த இரண்டும் கிடையாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தில் மட்டும் மெலடைனை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மீட்டில் வரும் இழைப்பை மூன்று நான்கு சுரங்களாக அது துண்டுபோட்டுவிடக்கூடும். அந்தப் பிரிவுகளைக் கையால் ஒன்று சேர்த்த பிறகே நேரத்தில் கை வையுங்கள்.

எதைத் திறந்தாலும் அட்டாக்கை முதலில் சரிசெய்து, கண்ணை மூடி ஒருமுறை கேளுங்கள். பல சமயம் அதற்குமேல் நகர்த்தவே தேவைப்படாது.