மூன்று பலகைகள், 11 பனிக்காலங்கள்: ஸ்னோபோர்ட்டின் அளவும் நெகிழ்வும்

கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில், பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகைகளான மூன்று ஸ்னோபோர்ட்கள் மாட்டியிருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவற்றை உடுப்பு மினுக்கும் பலகை என்றே நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் இன்ரலாக்கனில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த காலத்தில், 11 பனிக்காலங்கள், ஓய்வு நாள் கிடைத்தபோதெல்லாம் இவற்றோடு கிரின்டல்வால்ட் சரிவுகளுக்குப் போய்வந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் அண்மையில் தொலைபேசியில், "மாமா, போர்ட்டை நிமித்தி வைச்சா நாடி மட்டத்துக்கு வருது, அப்ப சரிதானே?" என்று கேட்டான். "உயரத்தை விடு. உன்ர நிறையைச் சொல்லு, சப்பாத்து எத்தினையாம் நம்பர்?" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாடிக்கும் மூக்குக்கும் இடையில் பலகையின் நுனி வரவேண்டும் என்பது பழைய கடைக் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் நான் முதலில் விழுந்தேன். என் உயரம் 178 செ.மீ., அப்போதைய நிறை 64 கிலோ. கூட வேலை செய்த ஒருவர் தந்த 162 செ.மீ. பலகை மூக்குக்குச் சற்றுக் கீழே நின்றதால், சரியான அளவு என்று எடுத்துக்கொண்டேன். அதன் அளவு அட்டையைப் பின்னர் தேடிப் பார்த்தபோதுதான், 75 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கென்று செய்யப்பட்டது அது எனத் தெரிந்தது. பலகை பனியில் படிந்து வளைவது மேலே நிற்பவரின் பாரத்தினால் என்பதால், பாரம் போதாதவர் காலடியில் அது வளையாத மரச்சட்டமாகவே கிடக்கும். திருப்ப நினைத்த இடத்தைத் தாண்டி இரண்டு மீற்றர் போன பிறகுதான் அது திரும்பத் தொடங்கும். அதற்குள் நான் பயத்தில் பின்காலில் சாய்ந்திருப்பேன். சாய்ந்தவுடன் கீழ்ப்பக்கத்து இரும்பு விளிம்பு பனியில் கொளுவி, ஆள் முகங்குப்புற விழுவேன். ஒரு பனிக்காலம் முழுவதும் இடது மணிக்கட்டில் கட்டுடன்தான் வெங்காயம் வெட்டினேன்.

நெகிழ்வு என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. நுனியிலிருந்து வால் வரை நீளவாட்டில் வளைவது ஒன்று. துணியைப் பிழிவதுபோல் குறுக்கே முறுகுவது மற்றொன்று. மெதுவாகச் செல்லும்போது முன்காலின் விரல்களை அழுத்திப் பின்கால் குதியைச் சிறிது தாமதித்து விட்டால், பலகை முறுகி, முன்பாதி முதலில் திரும்பத் தொடங்கும். பழகுகிறவர்களுக்கு உண்மையில் உதவுவது இந்த முறுக்குத்தான். கடையில் நுனியைப் பிடித்து நடுவில் கையால் அமுக்கிப் பார்க்கிறவர்கள் நீளவாட்டு வளைவை மட்டுமே அறிகிறார்கள். ஒன்று முதல் பத்து வரை, கூடக்கூட விறைப்பு என்று நிறுவனங்கள் போடும் நெகிழ்வு எண்ணையும் பெரிதாக நம்பவேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொரு நிறுவனத்தின் 7 போல் இருந்ததைக் காலால் உணர்ந்திருக்கிறேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு பலகைகளை ஒப்பிடும்போது மட்டும் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இரண்டாவது பலகை 152 செ.மீ., நெகிழ்வு 3, இரு நுனியும் ஒரே வடிவம். சிறுவயதில் கமுகம் மடலில் ஒருவரை இருத்தி மற்றவர் ஒழுங்கை நீளம் இழுத்த விளையாட்டு நினைவுக்கு வரும் அளவுக்கு அது இலகுவாகச் சொன்னபடி கேட்டது. 1965 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் தம் மகள்மாருக்காக இரண்டு ஸ்கீகளை ஒன்றாகப் பொருத்திச் செய்த, ஸ்னோபோர்ட்டின் முன்னோடியான ஸ்னேர்ஃபரும், நுனியில் கயிறு பிடித்து ஓடிய கிட்டத்தட்ட ஒரு மடல்தான். இந்தப் பலகையில்தான் பின்பக்கமாகச் சறுக்கவும், கிரின்டல்வால்டின் ஃபேர்ஸ்ட் பகுதியின் சிறிய மேடுகளில் பாயவும் பழகினேன். ஆனால் இரவு உறைந்து காலையில் கல்லாகியிருக்கும் நீண்ட சரிவில் வேகம் பிடித்தவுடன் அதன் நுனி படபடவென்று அடிக்கத் தொடங்கும். அந்த நடுக்கம் முழங்கால் வரை ஏறும். மூன்று பனிக்காலம் கழிந்தபின் அதன் துள்ளலும் குறைந்துவிட்டது. தரையில் வைத்தால் நடுவில் முன்பு இரண்டு விரல் நுழைந்த இடைவெளியில் பிறகு ஒரு விரலே நுழைந்தது. மரமும் கண்ணாடி இழையும் சேர்ந்த பொருள் எத்தனை ஆயிரம் முறை வளைந்து நிமிரும்? பழைய பலகை வாங்குகிறவர்கள் கீறலைவிட இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மூன்றாவது 156 செ.மீ., நெகிழ்வு 6. காலடிப் பகுதியில் மேல்நோக்கிய வளைவான கேம்பர், நுனியில் மட்டும் சற்று நிமிர்ந்த றொக்கர். கடைசி ஏழு பனிக்காலமும் இதுதான். முன்னைய 152 இல் இருந்து நான்கு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம் என்றாலும், வேகத்தில் அது வேறு வாகனம். பலகையில் அச்சிட்டிருக்கும் நீளமும் பனியைத் தொடும் விளிம்பின் நீளமும் ஒன்றல்ல என்பதை இதில்தான் கற்றேன். நுனியும் வாலும் அதிகம் நிமிர்ந்த பலகை அச்சில் 158 என்றிருந்தாலும், கடினமான பனியில் அதைவிடக் குட்டையான கேம்பர் பலகை அளவுக்குப் பிடிக்காமல் போகலாம்.

சறுக்கும் விதத்துக்கு ஏற்ப என்ன மாற்றுவது என்பதற்கு என் விடை சுருக்கமானது. நிறைக்கு உரிய அளவை முதலில் கண்டுபிடியுங்கள். மேடு, கம்பி என்று விளையாடுகிறவர் அதிலிருந்து மூன்று நான்கு சென்ரிமீற்றர் குறைத்து, மென்மையான நெகிழ்வை எடுக்கலாம். சமப்படுத்தப்பட்ட சரிவில் விளிம்பால் கோடு கிழித்து வேகமாக இறங்குகிறவர் கூட்டி, விறைப்பானதை எடுக்கலாம். விளையாட்டு என்றால் மென்மை என்று மட்டும் எழுதி வைத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை; பனியில் வெட்டிய பெரிய அரைக்குழாய்ச் சுவரில் ஏறுகிறவர்கள் விறைப்பான பலகையையே விரும்புகிறார்கள், ஏனெனில் உயரத்திலிருந்து இறங்கும் பாரத்தை மென்மையான பலகை தாங்காது. ஆழமான புதுப்பனிக்கு முன்பெல்லாம் நீளமானதைச் சொல்வார்கள். இப்போது நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, மிதக்கும் பரப்பை முன்பக்கம் கொண்டுவந்த பலகைகள் வருகின்றன. ஒருநாள் வாடகைக்கு எடுத்த அப்படியான 148 என்னை மிதக்கவைத்தது. மாலையில் கடினமான சரிவில் அதே பலகை வழுக்கியது.

இனி மருமகன் கதை. அவன் நிறை 88 கிலோ, சப்பாத்து ஐரோப்பிய அளவில் 46. வைத்திருந்தது 158, நடு அகலம் 25 செ.மீ. ஒன்ராறியோவின் புளூ மவுண்டன் சரிவில் விளிம்பைச் சாய்க்கும்போதெல்லாம் காரணமில்லாமல் சறுக்கி விழுவதாகச் சொன்னான். பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் பூட்டிய நிலையில் சப்பாத்து இரு பக்கமும் எவ்வளவு வெளியே நிற்கிறதென்று அளக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட மூன்று சென்ரிமீற்றர். சாய்ந்தவுடன் விளிம்புக்கு முன்னர் சப்பாத்தின் நுனி பனியில் இடித்து, விளிம்பைத் தூக்கிவிடுகிறது. என் 42 ஆம் இலக்கச் சப்பாத்துக்கு அதே 25 செ.மீ. அகலத்தில் ஒன்றரைதான் வெளியே நிற்கும், அவ்வளவு இருக்கலாம். பைண்டிங் கோணத்தைத் திருப்பினால் சிறிது குறையும், ஆனால் 46 ஆம் இலக்கத்தைக் கோணத்தால் ஒளிக்க முடியாது. செயற்கைப் பனி அதிகம் போடும் ஒன்ராறியோச் சரிவுகளின் கடினத்தையும் எண்ணி, 162, அகல வகை, நெகிழ்வு 6, கேம்பர் என்று சொன்னேன். வாங்கிவிட்டான், விழுவது நின்றுவிட்டது. பழைய மென்மையான சப்பாத்தை மட்டும் மாற்றவில்லை, விறைப்பான பலகைக்கு அது பொருந்தாதென்று சொல்லியும் கேட்கவில்லை.

இப்போது அவனுடைய மனைவிக்கு என் 152 ஐ அனுப்பச் சொல்லிக் கேட்கிறான். அவளுக்கு 55 கிலோ, சப்பாத்து 37. நீளத்தைப் பொறுத்துக்கொண்டாலும், அந்த அகலத்தில் சிறிய பாதத்தின் விரலும் குதியும் விளிம்பை எட்டாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உடம்பையே தூக்கி எறியவேண்டியிருக்கும். மறுத்துவிட்டேன். கடற்காற்றில் இரும்பு விளிம்பு துருப்பிடிக்காதிருக்க மாதம் ஒருமுறை மூன்றுக்கும் எண்ணெய் பூசுகிறேன். இந்த வெக்கையில் அடிப்பலகையின் மெழுகு இளகி, சுவரில் 152 க்குக் கீழே ஒரு மஞ்சள் கறை படிந்திருக்கிறது.