ஹோபி 16-ஆ, கேபின் படகா: டிரெய்லரில் இழுத்துச் செல்லும் பாய்மரப் படகு வாங்குவோருக்கு

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருந்துகொண்டு, வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்து வாரக் கடைசியில் வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பாய்மரப் படகு ஒன்றை வாங்க நினைப்பவர் முன் பெரும்பாலும் இரண்டு வகைகளே வந்து நிற்கின்றன. ஒன்று, மணலிலிருந்தே தண்ணீருக்குள் தள்ளிவிடக்கூடிய ஹோபி 16. இணையான இரண்டு உடல்களும் அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளமும்தான் அந்தப் படகு. மற்றது ஏறத்தாழ 22 அடி நீளத்தில், உள்ளே இரண்டு மூன்று பேர் படுக்க இடமும், ஏற்றி இறக்கக்கூடிய கீலும் (படகின் அடியில் நீருக்குள் நீட்டி நிற்கும் கனமான தகடு), பின்னால் ஒரு சிறிய எஞ்சினும் கொண்ட கேபின் படகு. நான் வாங்கியது முதல் வகை. என் சித்தப்பா மகனிடம் இருப்பது இரண்டாவது வகை. அவருடைய படகில் விருந்தாளியாகப் போய்வந்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. ஆகவே இந்த அலசல் ஹோபியின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோபி வேகமானது, அதில் ஏறினால் நனையாமல் திரும்ப முடியாது. கேபின் படகு மெதுவானது. அதில் தேநீர் போடலாம், மழைக்கு ஒதுங்கலாம். விலையில் ஹோபி மிகவும் மலிவு. உரிம விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை: தென்னாப்பிரிக்கக் கப்பல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதிகளின்படி, எஞ்சின் 15 குதிரைத்திறனைத் தாண்டும்போதோ பாய்மரப் படகு 9 மீட்டரை எட்டும்போதோதான் படகோட்டித் தகுதிச் சான்றிதழ் கட்டாயமாகிறது, நாம் பேசும் படகுகள் இரண்டு எல்லைகளுக்கும் உட்பட்டவை. மிரர், சொனட் போன்ற சிறு படகுகளையும், பிள்ளைகள் பழகும் டாப்சிக்கையும் இங்கே நான் சேர்க்கவில்லை. அவை நல்ல படகுகள்தாம். ஆனால் பெரியவர்கள் இருவரும் வளர்ந்த பிள்ளை ஒன்றும் ஏறிக்கொள்ள அவற்றில் இடம் போதாது.

தெரிவைத் தீர்மானிப்பது படகு அன்று, டிரெய்லர் என்பதே என் கருத்து. படகைப் பார்க்கப் போகிறவர்கள் உடலைத் தட்டிப் பார்க்கிறார்கள், பாயை விரித்துப் பார்க்கிறார்கள், பாய்மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அடியில் இருக்கும் இரண்டு சக்கரங்களைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பணத்தையும் சனிக்கிழமைகளையும் பெரிதும் விழுங்குவது அந்தச் சக்கரங்கள்தாம்.

முதலில் எடை. ஹோபி 16-இன் எடை ஏறத்தாழ 145 கிலோ, நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், சாலையில் நமக்கு அனுமதிக்கப்பட்ட 2.5 மீட்டர் அகலத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. டிரெய்லரையும் சாமான்களையும் கூட்டினாலும் மொத்த எடை 750 கிலோவுக்கு வெகு கீழே நிற்கும். கேபின் படகோ கீலின் எடையோடும் டிரெய்லரோடும் சேர்ந்து எளிதில் ஒரு டன்னைத் தாண்டிவிடுகிறது. இந்த 750 கிலோ என்பது தென்னாப்பிரிக்கச் சாலை விதிகளில் முக்கியமான எல்லைக்கோடு. சாதாரண ‘பி’ ஓட்டுநர் உரிமத்தோடு அதுவரைதான் இழுக்கலாம். அதற்கு மேலே ‘இபி’ வேண்டும். இதில் கணக்கிடப்படுவது அன்றைக்கு நீங்கள் ஏற்றியிருக்கும் எடை அன்று, டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக்குக்கும் இதே கோடுதான். 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர், இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்கு மேற்படாத வரை, ஓடும்போது பிடிக்கும் பிரேக் இல்லாமலே போகலாம். அதைத் தாண்டினால், வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக்காவது இருந்தாக வேண்டும்.

விதி இருக்கட்டும், மிட்மார் அணைக்குப் போகும் பாதையை எண்ணிப் பாருங்கள். டர்பனிலிருந்து என்3 சாலையில் புறப்பட்டால், அணைக்கு அருகிலுள்ள ஹோவிக் ஊரை அடைவதற்குள் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் வரும் டவுன் ஹில் ஏற்றத்தில், மூடுபனிக்குள் கனரக லாரிகளுக்கு நடுவே ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமையை இழுத்துக்கொண்டு போவதும், மாலையில் அதே சரிவில் அதே சுமை பின்னாலிருந்து தள்ளத் தள்ள இறங்கிவருவதும் சின்னக் காருக்கு உரிய வேலைகள் அல்ல. நல்ல பக்கி, அதாவது பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்-அப் வண்டி ஒன்று வேண்டும். பக்கி ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வைத்திராதவருக்குப் படகின் விலையோடு பக்கியின் விலையும் சேர்கிறது.

எடையைவிட முக்கியமானது, டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்குகிறதா இல்லையா என்பது. கேபின் படகை ஆட்கள் தூக்கி இறக்க முடியாது. படகு மிதக்கும் ஆழம் வரும்வரை டிரெய்லரையே சரிவில் பின்னோக்கி இறக்க வேண்டும். சக்கரம், அச்சு, பேரிங், பிரேக் டிரம் அனைத்தும் மூழ்கும். நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடாக இருக்கும். அதற்குள் இருக்கும் காற்றும் சூடாக விரிந்திருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கடித்தால் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன தண்ணீர் கிரீசோடு கலந்து அதைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது. அடுத்த சில வாரங்கள் டிரெய்லர் முற்றத்தில் சும்மா நிற்கும்போது பேரிங்கின் உருளைகள் எந்த இடத்தில் நிற்கின்றனவோ அந்த இடத்தில் துருப்புள்ளி விழுகிறது. அதன் பிறகு வரும் நீண்ட பயணம் ஒன்றில்தான் ஹப் கொதித்துச் சக்கரம் இறுகும், அல்லது கழன்றே போகும். சாலையோரத்தில் ஒற்றைப் பக்கம் சாய்ந்து நிற்கும் படகு டிரெய்லர்களில் பலவற்றின் கதை இதுதான்.

மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா போன்ற அணைகளின் நன்னீரில் இது மெதுவாக நடக்கும். டர்பன் துறைமுகக் குடாவின் உப்புநீரில் விரைவாக நடக்கும். பிரேக் உள்ள டிரெய்லருக்கு நிலைமை இன்னும் மோசம். டிரம்முக்குள் தேங்கும் உப்பை வெளியிலிருந்து குழாய் பிடித்துக் கழுவ முடியாது, பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கும். என் தம்பி, அதாவது மேலே சொன்ன சித்தப்பா மகன், ஒழுங்கானவர். கரைக்கு வந்ததும் ஹப் ஆறும்வரை காத்திருக்கிறார். விளக்கு இணைப்பைக் கழற்றிய பிறகே இறக்குகிறார். உள்ளே எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும்படி ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடிகளைப் பொருத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் கழுவுகிறார். அப்படியிருந்தும் பிரேக் பாகங்களை அவர் மாற்றியிருக்கிறார். படகோட்ட வந்தேனா, சக்கரம் கழற்ற வந்தேனா என்று அவரே அலுத்துக்கொள்வதுண்டு.

ஹோபியில் இந்தத் தொல்லையே இல்லை. சாலை டிரெய்லர் கரையிலேயே, காய்ந்த தரையில் நின்றுவிடும். அகன்ற காற்றுச் சக்கரங்கள் பூட்டிய கைவண்டி ஒன்றின்மேல் படகை ஏற்றி இரண்டு பேர் மணலில் தள்ளிக்கொண்டு போகலாம்; நனைவது கைவண்டியின் சக்கரம் மட்டுமே, அது நெடுஞ்சாலையில் ஓடப்போவதில்லை. நடுப்பலகையோ கீலோ இல்லாததால் முழங்கால் ஆழத்திலேயே புறப்படலாம். படகு இறக்கும் சரிவு இல்லாத இடங்களும் நமக்குத் திறந்துவிடுகின்றன. டிரெய்லருக்கு ஆண்டு உரிமம், எண் பலகை, விளக்கு எல்லாம் இதற்கும் உண்டு. டயர்கள் இரண்டிலுமே தேய்ந்து போவதில்லை. வெயிலில் நின்று நின்று பக்கவாட்டில் வெடித்துத்தான் போகின்றன. பாய்மரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டாமல் புறப்படக் கூடாது.

கேபின் படகின் பாய்மரத்தை நிமிர்த்தவும் கீழிறக்கவும் கப்பியும் துணைக்கம்பும் பொறுமையும் வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அதற்குச் சற்றுக் குறைவு. ஹோபியின் பாய்மரம் பழகிய இருவர் கையில் சில நிமிடங்களில் எழுந்து நின்றுவிடுகிறது, மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. இரண்டுமே அலுமினியம், நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஹோபியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. அது கவிழும். பலமான காற்றில் முன்பக்கம் நீருக்குள் குத்தி, தலைகுப்புறவும் கவிழும். கவிழ்ந்ததை நிமிர்த்த ஆட்களின் எடை வேண்டும்; ஒல்லியான இருவரால் முடியாமல் போகலாம். காற்று நின்றுவிட்டால் துடுப்புதான் துணை. மிட்மாரில் கோடை மாலைகளில் இடியும் ஆலங்கட்டியும் திடீரென்று வரும். கடலோரத்தில் வடகிழக்குக் காற்று தென்மேற்காகத் திரும்பும்போது சிறிது நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். கேபின் படகில் பாயைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சினைப் போட்டுத் திரும்பலாம். ஹோபியில் வானத்தைப் பார்த்து முன்கூட்டியே கரை சேர வேண்டும். முதியவர்களை ஹோபியில் ஏற்றவே கூடாது என்பேன். அம்மாவையும் அத்தையையும் தண்ணீரில் அழைத்துப்போக வேண்டுமென்றால் நானும் தம்பியின் படகைத்தான் கேட்கிறேன்.

ஹோபியின் பக்கம் என்னைச் சாய்த்த மற்றொரு காரணம், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருப்பது. நம் முன்னோர்களில் டர்பன் குடாவில் வலை இழுத்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இன்பத்துக்காகப் பாய்மரப் படகு ஓட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் வளரவில்லை. 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும்வரை, கடற்கரைகளும் பொழுதுபோக்கு இடங்களும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில் அது எப்படி வளரும்? அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுக் கற்க வழியில்லாதவர்களுக்கு, ஊரெங்கும் ஒரே மாதிரியாக ஓடும் படகு பெரிய உதவி. ஹோபி 16 எங்கும் ஒரே அளவில் செய்யப்படுவதால், பக்கத்தில் பாய் கட்டிக்கொண்டிருப்பவரிடம் கேட்டாலே விடை கிடைக்கிறது, பழைய பாகமும் கிடைக்கிறது. மறுவிற்பனையிலும் இதனால் பயன் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் நான் இதுவரை விற்றுப் பார்த்ததில்லை. உப்புநீரில் பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவமும் எனக்கு இல்லை, பெரும்பாலும் அணைகளில்தான் ஓட்டுகிறேன்.

கேபின் படகு யாருக்குப் பொருந்தும் என்றால், இரவு தண்ணீரிலேயே தங்க விரும்புபவருக்கும், அணைக்கரையில் நிரந்தரமாக நிறுத்திவைக்க இடம் கிடைத்தவருக்கும் பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் டிரெய்லரில் ஏற்றுகிறவருக்கு நான் மேலே அடுக்கிய தொல்லைகளில் பெரும்பகுதி இல்லை. ஒவ்வொரு வாரமும் முற்றத்திலிருந்து புறப்பட வேண்டியவருக்குத்தான் என் வாதம்.

பழைய ஹோபியைப் பார்க்கப் போனால், முன் குறுக்குக் கம்பிக்கு முன்னால் உடலின் மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். அமுங்கினாலோ நொறுநொறுவென்று ஒலித்தாலோ உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு வெளி ஓட்டிலிருந்து பிரிந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். துணித்தளத்தின் தையல் வெயிலில் இற்றிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கேபின் படகானால், கீல் தொங்கும் ஆணியையும் அதைத் தூக்கும் கம்பிவடத்தையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு டிரெய்லரின் ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கிரீஸ் மூடியைக் கழற்றி உள்ளே நிறம் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். அதற்கு விற்பவர் தயங்கினால், இரண்டு பக்கமும் பேரிங்கும் பிரேக்கும் முழுதாக மாற்றும் செலவை அங்கேயே விலையிலிருந்து கழித்துப் பேசலாம்.